மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வரும் கிருமித்தொற்று: வன்னிக் குடும்பங்கள் சுமக்கும் செலவு பற்றிய விவாத இழை

இரணைமடு வாய்க்கால் எழுதியது:

வணக்கம் உறவுகளே.

அரச வைத்தியசாலையில் முழங்கால் மூட்டையோ இடுப்பு மூட்டையோ மாற்றுவதற்குச் சத்திரசிகிச்சைக் கட்டணம் எதுவும் இல்லை. செயற்கை மூட்டைச் சில வேளைகளில் குடும்பமே வாங்கிக் கொடுக்க நேர்ந்தாலும், அந்தத் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் கேட்டோ, சீட்டை எடுத்தோ சமாளித்துவிடுகிறோம். மாற்றிய மூட்டில் கிருமித்தொற்று ஏற்பட்ட பின்னர் மாதக்கணக்காக வரும் செலவைத்தான் எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் சின்னம்மாவுக்கு மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு வைத்தியசாலையில் முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது. சில மாதங்கள் நன்றாக நடந்தவருக்கு வலியும் வீக்கமும் திரும்பி வந்தன. பரிசோதித்ததில் உள்ளே கிருமி இருப்பது தெரியவந்தது. வைத்த உலோக மூட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு, மருந்து கலந்த சீமெந்துத் துண்டு ஒன்றை இடையில் வைத்தார்கள். பின்னர் பல கிழமைகள் ஊசி மருந்து ஏற்றினார்கள். கிருமி முற்றாக ஒழிந்தது என்று உறுதியான பிறகே புதிய மூட்டு வைக்கப்படும் என்றார்கள். இதற்கெல்லாம் வைத்தியசாலை ஒரு சதமும் கேட்கவில்லை என்பதை நன்றியுடன் சொல்லவேண்டும்.

ஆனால் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். காலை மடக்க முடியாதவரைப் பேருந்தில் ஏற்ற முடியாததால் ஒவ்வொரு கிளினிக்குக்கும் வான் பிடிக்கவேண்டியிருந்தது. கூட நிற்பதற்காக மகள் ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டார். கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கி வரும்படி துண்டு எழுதித் தந்தார்கள். சில குருதிப் பரிசோதனைகளைத் தனியார் ஆய்வுகூடத்தில் செய்யவேண்டியிருந்தது. முதலில் நகை அடகுக்குப் போனது, பின்னர் பசு மாடுகள் விற்கப்பட்டன, கடைசியில் வயலும் குத்தகைக்குப் போனது. இவற்றில் ஒன்றாவது எந்த அரச கணக்கிலும் பதிவாகியிருக்காது.

தொற்று வந்தால் செலவு ஏன் இவ்வளவு பெருகுகிறது? அதில் எந்தப் பகுதியை நாம் தவிர்த்திருக்க முடியும்? எந்தப் பகுதியைக் குறைக்கும்படி அதிகாரிகளிடம் கேட்க முடியும்? அறிந்தவர்கள் விளக்கினால் இனிச் சத்திரசிகிச்சைக்குப் போகவிருக்கும் பலருக்கு உதவியாக இருக்கும்.

என்பும் தசையும் எழுதியது:

நல்ல கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. நான் வடக்கில் பணிபுரியும் வைத்தியன். உங்கள் சின்னம்மாவின் சிகிச்சை பற்றித் தனியாக எதுவும் கூறப்போவதில்லை, பொதுவாகவே எழுதுகிறேன்.

முதன்முறையாக மாற்றப்படும் முழங்கால், இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு அல்லது இருவருக்கு ஆழமான தொற்று ஏற்படுகிறது. உலகின் மிகச் சிறந்த வைத்தியசாலைகளாலும் இதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. தொற்று வந்துவிட்டால் செலவு பெருகுவதற்கான அடிப்படைக் காரணம் கிருமியின் வாழ்முறையில் இருக்கிறது. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் வகைக் கிருமிகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். அவை உலோகத்தின் மீதும் பிளாஸ்டிக்கின் மீதும் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தை உருவாக்கிவிடுகின்றன. குளத்துக் கல்லில் படியும் பாசியை நீர் ஊற்றிக் கழுவ முடியாததைப் போல, அந்தப் படலம் முதிர்ந்த பின்னர் குருதியின் வழியே வரும் மருந்தால் அதை அகற்ற முடிவதில்லை. ஆகவே மூட்டையே எடுக்கவேண்டியதாகிறது.

தொற்று மிக ஆரம்பத்திலேயே பிடிபட்டால் மூட்டைக் காப்பாற்றலாம். சத்திரசிகிச்சை நடந்து 30 நாட்களுக்குள், அல்லது அறிகுறிகள் தொடங்கி மூன்று கிழமைகளுக்குள் வந்தவர்களுக்கு, மூட்டைத் திறந்து கழுவி, பழுதான திசுக்களை வெட்டியகற்றி, இடையில் உள்ள பிளாஸ்டிக் பகுதியை மாத்திரம் மாற்றி, உலோகத்தை அப்படியே விட்டுவைக்க வாய்ப்பிருக்கிறது. அந்தக் காலம் கடந்துவிட்டால், நீங்கள் விவரித்த இரண்டு கட்டச் சத்திரசிகிச்சையே வழமையான வழி. அதில் இரண்டு பெரிய சத்திரசிகிச்சைகள், புதிதாக ஒரு மூட்டு, அதுவும் என்பு தேய்ந்துபோனவர்களுக்கான நீண்ட தண்டுடைய விலை கூடிய மூட்டு, நீண்ட விடுதிவாசம், பல கிழமைகள் மருந்து, சிறுநீரகமும் ஈரலும் தாங்குகின்றனவா என்று பார்க்கும் தொடர்ச்சியான குருதிப் பரிசோதனைகள் என எல்லாம் அடங்கும். இத்தனைக்கும் பிறகு சிலருக்குத் தொற்று மீண்டும் வருகிறது. மூட்டை அசையாதவாறு இறுக்கி விடுவதிலோ, மிக அரிதாகக் காலை அகற்றுவதிலோ அது முடிகிறது.

அமெரிக்காவில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தொற்றுகளுக்காக வைத்தியசாலைகள் செலவிட்ட தொகை 2001 இல் 32 கோடி டொலராக இருந்து 2009 இல் 56 கோடி 60 இலட்சம் டொலராக உயர்ந்ததாக, 2012 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தொற்றின் விகிதம் பெரிதாகக் கூடாவிட்டாலும், மூட்டு மாற்றிக்கொள்வோரின் தொகை கூடினால் செலவும் கூடவே ஏறும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். நம் நாட்டிலும் முதியோர் தொகை கூடிவருகிறது.

தொலைவில் ஒருவன் எழுதியது:

நான் முல்லைத்தீவைச் சேர்ந்தவன். இப்போது இலண்டனில் ஒரு வைத்தியசாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வைத்தியர் ஐயா சொன்னதோடு இங்குள்ள நிலையையும் சேர்க்க விரும்புகிறேன்.

2012 இல் இங்கு வெளியான ஆய்வொன்றின்படி, தொற்று இல்லாமல் பழுதடைந்த இடுப்பு மூட்டை மீண்டும் மாற்ற ஏறத்தாழ 11,900 பவுண் செலவானபோது, தொற்றுக்காக மாற்ற 21,900 பவுண் செலவானது. முழங்காலுக்கு அதைவிடப் பெரிய வேறுபாடு: ஏனைய காரணங்களுக்கு 9,700 பவுண் அளவிலும், தொற்றுக்கு 30,000 பவுண் அளவிலும் செலவானதாக 2015 இல் இன்னோர் ஆய்வு காட்டியது. அரசு வைத்தியசாலைக்குத் திருப்பிக் கொடுக்கும் தொகை இந்தச் செலவுக்குப் போதவில்லை என்பதையும் அந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. ஆனால் இங்கு நோயாளியின் வீட்டுக்கு அந்தச் சுமை அவ்வளவாகப் போவதில்லை. தாதி வீட்டுக்கே வந்து மருந்து ஏற்றுவார். சுகவீன விடுமுறைக்கு ஓரளவு கொடுப்பனவும் உண்டு.

எங்கள் ஊரில் இருப்பவர்கள் இவ்வளவு காலம் அலைவதைக் கேட்கும்போது மனம் மிகவும் வேதனைப்படுகிறது. நாங்கள் சிலர் சேர்ந்து பணம் அனுப்பினால், இரண்டாவது சத்திரசிகிச்சையையாவது கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையிலோ சென்னையிலோ விரைவாகச் செய்துவிடலாம் அல்லவா? காத்திருப்பதால் ஏற்படும் இழப்பையும் செலவாகத்தானே கணக்கிடவேண்டும்?

மல்லாவி அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. நான் எலும்பு முறிவு விடுதிகளில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி. உங்கள் யோசனையின் நோக்கத்தோடு உடன்படுகிறேன், வழியோடு உடன்படவில்லை.

இரண்டு சத்திரசிகிச்சைகளுக்கும் இடையிலான காத்திருப்பு முழுவதும் வரிசைக்காகக் காத்திருப்பது அல்ல. மருந்து ஏற்றி முடிந்து, அதை நிறுத்தி, குருதியில் அழற்சியைக் காட்டும் சீஆர்பி அளவு குறைந்துகொண்டு போகிறதா, புண் காய்ந்திருக்கிறதா, வேண்டுமென்றால் மூட்டு நீரில் மறுபடியும் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் காலமும் அதில் அடங்கும். முதலில் திறந்த வைத்தியருக்கு உள்ளே என்ன கிருமி இருந்தது, எந்த மருந்துக்கு அது கட்டுப்பட்டது, என்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஒரு துண்டுக் குறிப்போடு வேறோர் இடத்துக்குப் போனால் அங்குள்ளவர்கள் எல்லாப் பரிசோதனைகளையும் மறுபடி செய்யவேண்டிவரும். அனுப்பிய பணத்தின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். பின்னர் புண்ணில் நீர் கசிந்தால் சென்னைக்கா ஓடமுடியும்? கடைசியில் அதே அரச வைத்தியசாலைக்குத்தான் வருவார்கள்.

நீங்கள் அனுப்பக்கூடிய பணத்தை, கூட நிற்கும் மகளின் சம்பளத்துக்கு ஈடாகவும் வான் வாடகைக்கும் கொடுங்கள். பத்திய உணவுக்கும் கொடுங்கள்; முட்டையும் மீனும் பருப்பும் உடலில் சேராமல் புண் ஆறாது. நான் விடுதியில் கண்டவரை, மருந்து இல்லாமல் சிகிச்சை முறிந்தவர்களைவிட, கூட நிற்க ஆளில்லாமலும் வரப் போகப் பணமில்லாமலும் கிளினிக்கைக் கைவிட்டவர்களே அதிகம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். செலவைக் கூட்டும் பெரிய காரணம் ஊரிலேயே நடக்கிறது. மூட்டு மாற்றியவருக்குக் காலில் சூடும் சிவப்பும் கண்டால், அல்லது தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தால், பக்கத்து மருந்துக் கடையில் நுண்ணுயிர்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். வீக்கம் சற்றுக் குறைந்தவுடன் சுகமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். மாத்திரை மேலோட்டமாகக் கிருமியை அடக்கிவிடுவதால், பின்னர் மூட்டு நீரை எடுத்து கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, செய்தாலும் எந்தக் கிருமி என்று வளராது. அப்படி வந்தவர்களுக்கு மருந்தை நிறுத்தி, இரண்டு கிழமை அளவில் பொறுத்திருந்து, மறுபடி நீர் எடுக்கவேண்டியிருக்கிறது. கிருமியின் பெயர் தெரியாவிட்டால் விலை கூடிய, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய மருந்துகளைக் குத்துமதிப்பாகக் கொடுக்கவேண்டி வருகிறது. இதற்கிடையில் மூட்டைக் காப்பாற்றக்கூடிய அந்த மூன்று கிழமைகளும் ஓடிவிடுகின்றன. எண்ணெய் போட்டு உருவுவதும், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தையலின் மேல் பூசுவதும் இதைப் போலவே ஆபத்தானவை.

கரைச்சி கமக்காரன் எழுதியது:

அக்கா சொல்வது சரி. ஆனால் வைத்தியசாலைக்கு உடனே போகாததற்கு அறியாமை மட்டும் காரணம் என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது. காலபோக நெல் அறுவடைக்கு வந்து நிற்கும்போது, ஒரு நாள் வயலை விட்டு யாழ்ப்பாணம் போனால் அறுவடை இயந்திரத்தின் முறை தவறிவிடும்; மழை பெய்தால் அந்த ஆண்டின் வருமானமே போய்விடும். அந்த நேரத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று எவர் புறப்படுவார்? உள்ளூரில் காட்டினால், சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கே போகும்படி திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே போனால் கிளினிக் நாள் இது அல்ல என்கிறார்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு இடங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. 2009 க்குப் பின்னர் கட்டடங்கள் எழும்பின. அங்கேயே மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையை முழுமையாகச் செய்யும்படி கேட்பதுதான் நியாயமான கோரிக்கை என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்கு அருகில் செய்தால் செலவின் பாதி தானாகவே இல்லாமல் போகும்.

என்பும் தசையும் எழுதியது:

கமக்கார அண்ணாவின் ஆதங்கம் நியாயமானது. திருப்பி அனுப்பப்படுவதைப் பற்றி அவர் எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சத்திரசிகிச்சையை எங்கே செய்வது என்பதில் சற்று நிதானமாக இருக்கவேண்டும்.

தற்கால இடுப்பு மூட்டு மாற்றை 1962 இல் இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் செய்து காட்டிய ஜோன் சார்ன்லி, தன் முதற்கால நோயாளிகளிடையே தொற்று மிக அதிகமாக இருப்பதைக் கண்டு, வடிகட்டிய காற்று ஓடும் தனிக் கூடத்தையும், உடலை முற்றாக மூடும் உடையையும் உருவாக்கினார். தொற்று ஏறத்தாழ 100 க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. பின்னர் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் புக்ஹோல்ஸ் என்பார் என்புச் சீமெந்துக்குள்ளேயே ஜென்டாமைசின் மருந்தைக் கலந்தார்; உங்கள் சின்னம்மாவின் முழங்காலுக்குள் வைக்கப்பட்ட துண்டு அந்த வழியில் வந்ததுதான். மூட்டு மாற்றுக் கூடத்தில் காற்று, கருவிகளின் கிருமிநீக்கம், உள்ளே நடமாடுவோரின் எண்ணிக்கை, சத்திரசிகிச்சை எடுக்கும் நேரம் என ஒவ்வொன்றும் தொற்று விகிதத்தைத் தீர்மானிக்கிறது. இடைக்கிடையே மட்டும் இதைச் செய்யும் ஒரு கூடத்தில் அந்த ஒழுங்கைப் பேணுவது கடினம். அருகில் செய்து தொற்று கூடுமானால், மிச்சப்பட்ட வான் வாடகையைப் போலப் பல மடங்கு பின்னர் செலவாகும்.

அப்படியானால் எதை அருகில் கொண்டுவரலாம்? சத்திரசிகிச்சைக்கு முந்திய ஆயத்தத்தையும், பிந்திய கண்காணிப்பையும் கொண்டுவரலாம். தையலைப் பார்ப்பது, சீஆர்பி, ஈஎஸ்ஆர் குருதிப் பரிசோதனைகள், மருந்து ஏற்றுவது ஆகிய எதற்கும் ஏ9 வீதியில் இவ்வளவு தூரம் ஓடவேண்டியதில்லை. மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற இடங்களில் உள்ள வைத்தியசாலைகளிலேயே இவற்றைச் செய்யலாம், சத்திரசிகிச்சை செய்த குழு எழுத்தில் தெளிவாகக் கொடுத்திருந்தால்.

இதில் மிக முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. பிரித்தானியாவில் 26 மையங்களில் 1,054 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஒவீவா என்ற ஆய்வு 2019 இல் வெளியானது. என்பு, மூட்டுத் தொற்றுகளுக்கு முதல் ஆறு கிழமைகளும் நாளம் வழியாக மருந்து ஏற்றியவர்களில் 14.6 வீதமானவர்களுக்கும், பொருத்தமான மாத்திரை உட்கொண்டவர்களில் 13.2 வீதமானவர்களுக்கும் சிகிச்சை தோற்றது. அதாவது, கிருமி எது என்று தெரிந்து, அதற்கு ஏற்ற மாத்திரை இருந்து, குடல் அதை உறிஞ்சக்கூடியதாகவும் இருந்தால், ஊசிக்காகவே விடுதியில் படுத்திருக்கவேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லை. வன்னியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இதன் பொருள் மிகப் பெரியது: கூட நிற்பவர் வேலைக்குத் திரும்பலாம். எல்லோருக்கும் இது பொருந்தாது. முடிவெடுக்கவேண்டியவர் உங்கள் வைத்தியர். ஆனால் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதே நேரம், செலவுக்குப் பயந்து மருந்தின் காலத்தைக் குறைத்துவிடாதீர்கள். பிரான்சில் 410 பேரிடம் நடந்து 2021 இல் வெளியான ஆய்வில், 12 கிழமைகள் மருந்து எடுத்தவர்களில் 9.4 வீதமானவர்களுக்கும், 6 கிழமைகளில் நிறுத்தியவர்களில் 18.1 வீதமானவர்களுக்கும் தொற்று நீடித்தது. ரிபாம்பிசின் என்ற நுண்ணுயிர்கொல்லி கொடுக்கப்பட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்தியவர்களை நான் அறிவேன். அது ஏனைய பல மருந்துகளின் வேலையை, சில நீரிழிவு மாத்திரைகள் உட்பட, மாற்றக்கூடியது என்பதால் நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தம்பி இலண்டனிலிருந்து எழுதியதற்குத் தொடர்பாக: ஒரே சத்திரசிகிச்சையில் பழைய மூட்டை எடுத்துப் புதியதை வைக்கும் முறையும் இருக்கிறது. பிரித்தானியாவிலும் சுவீடனிலும் 140 இடுப்பு மூட்டு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னர் இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. ஒரே கட்ட முறையில் நோயாளிகள் விரைவாகத் தேறினார்கள், செலவும் குறைவாக இருந்தது. கிருமி எது என்று முன்கூட்டியே தெரிந்து, சதையும் என்பும் நல்ல நிலையில் உள்ளவர்களுக்கே இது ஏற்றது. அக்கா வலியுறுத்திய கல்ச்சர் இங்கேயும் அடிப்படையாகிறது.

முறிகண்டியான் எழுதியது:

எனக்கு இறுதி யுத்தத்தில் முழங்காலுக்கு மேல் செல் துண்டு பட்டது. அப்போது நீண்ட நாள் சீழ் வடிந்து பின்னர் காய்ந்துவிட்டது. இப்போது அதே முழங்கால் தேய்ந்து, மூட்டு மாற்றவேண்டும் என்கிறார்கள். உள்ளே இன்னும் துண்டு இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு அதிகமா?

என்பும் தசையும் எழுதியது:

ஆம், அதிகம். முன்னர் தொற்று இருந்த என்பில் கிருமி நீண்ட காலம் அடங்கிக் கிடக்க முடியும். தயவுசெய்து இந்த வரலாற்றை, எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும், எந்த இடத்தில் சீழ் வடிந்தது என்பது வரை உங்கள் நிபுணரிடம் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னரே குருதிப் பரிசோதனையும், தேவையென்றால் மூட்டு நீர்ப் பரிசோதனையும் செய்து பார்ப்பார்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் உள்ளே உலோகத் துண்டு இருப்பதைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும். நம் பகுதியில் இப்படியான காயத்தோடு வாழ்பவர்களும், ஒரு காலை இழந்து மற்றக் காலின் மூட்டைத் தேயவிட்டவர்களும் இப்போது மூட்டு மாற்றும் வயதை அடைந்துவருகிறார்கள். ஆகவே வன்னிக்கான திட்டத்தை வேறு மாவட்டங்களின் சராசரியைப் பார்த்து வகுக்க முடியாது.

நம் மண்ணோடு தொடர்புடைய இன்னொரு கிருமியையும் குறிப்பிடவேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி ஈரமான மண்ணிலும் வயல் நீரிலும் வாழ்கிறது; இலங்கையில் அது இருப்பது உறுதியாகியுள்ளது. நீரிழிவு உள்ள கமக்காரர்களையே அது பெரும்பாலும் தாக்குகிறது, மூட்டுகளிலும் தங்கக்கூடியது. வழமையாகக் கொடுக்கப்படும் பல மருந்துகளுக்கு அது கட்டுப்படாது; நாளம் வழியான மருந்துக்குப் பின்னர் மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படும். வயல் வேலை செய்பவர் என்பதைச் சொன்னால்தான் ஆய்வுகூடம் அதைத் தேடிப் பார்க்கும்.

இரணைமடு வாய்க்கால் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மல்லாவி அக்காவிடம் ஒரு கேள்வி. சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் தம் பங்குக்கு எதைச் செய்யலாம்? வாங்கக்கூடிய விலையில் உள்ளவற்றைச் சொல்லுங்கள்.

மல்லாவி அக்கா எழுதியது:

பெரும்பாலானவற்றுக்கு விலையே இல்லை, பிள்ளை.

நீரிழிவைக் கட்டுப்படுத்துவதுதான் முதலாவது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.5 அல்லது 8 வீதத்துக்கு மேலே நின்றால் பல நிபுணர்கள் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். அதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். அவர்கள் உங்கள் வயலையும் மாடுகளையும் காப்பாற்றுகிறார்கள். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு கிழமைகளுக்கு முன்னரே நிறுத்தவேண்டும். சொத்தைப் பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கியோ அடைத்தோ விடுங்கள். காலில் பித்தவெடிப்பு, விரலிடைப் புண், சொறி ஆகியவை ஆறியிருக்கவேண்டும். சேற்றில் இறங்கும் கால்களில் இவை எப்போதும் இருக்கும், எவரும் பொருட்படுத்துவதில்லை. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் வீட்டில் பிளேட்டால் மயிரை வழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறிவிடும்.

ஐந்து பேரில் ஒருவருக்காவது மூக்குக்குள் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமி எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு மூக்கில் முபிரோசின் என்ற நுண்ணுயிர்கொல்லிக் களிம்பும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளிப்பும் கொடுத்தபோது, அந்தக் கிருமியால் வந்த தொற்று 7.7 வீதத்திலிருந்து 3.4 வீதமாகக் குறைந்தது. ஒரு சிறு களிம்பும் ஒரு போத்தல் கரைசலும்தான். உங்கள் கிளினிக்கில் இது உண்டா என்று கேளுங்கள்.

வீடு திரும்பிய பின்னர் தையல் முற்றாக ஆறும் வரை குளத்திலோ வாய்க்காலிலோ இறங்கக்கூடாது. ஆண்டுகள் கடந்த பின்னரும், உடலில் வேறெங்காவது பெரிய புண்ணோ சீழ்க்கட்டியோ வந்தால் குருதியின் வழியே கிருமி மூட்டுக்குப் போகக்கூடும் என்பதை மறக்கக்கூடாது.

பிரதேச செயலகப் பணியாளர் எழுதியது:

உதவித் திட்டங்கள் பற்றி எவரும் எழுதாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கான விண்ணப்பத்துக்காக இப்போது கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே அதைக் கையளிக்கலாம். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடனேயே வந்து விசாரியுங்கள். எல்லாம் முடிந்த பின்னர் பற்றுச்சீட்டுகளோடு வருபவர்களுக்கு வழிகாட்டுவது எங்களுக்குக் கடினமாக இருக்கிறது. குடும்பத்தில் அரச உத்தியோகத்தர் இருந்தால் அவருடைய அக்ரஹார காப்புறுதியில் எவரெவர் அடங்குகிறார்கள் என்று அவருடைய அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டு வருமானம் நின்றுபோயிருந்தால் அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும பதிவில் உங்கள் தற்போதைய நிலை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் வாங்கிய மருந்துக்கும் பரிசோதனைக்கும் பற்றுச்சீட்டு எடுத்து வையுங்கள்.

நுண்கடன் எடுத்துச் சிகிச்சையை நடத்தியவர்கள் எங்கள் பிரிவில் பலர் இருக்கிறார்கள். கிழமைத் தவணை கட்டுவதற்காக நோயாளிக்கான மாத்திரையைக் குறைத்த குடும்பத்தையும் சந்தித்திருக்கிறேன். கடன் எடுப்பதற்கு முன்னர் ஒருமுறை எங்களிடம் வாருங்கள்.

கரைச்சி கமக்காரன் எழுதியது:

வைத்தியர் எழுதியதைப் பலமுறை வாசித்தேன். சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பற்றிய அவருடைய விளக்கத்தை ஏற்கிறேன். பெரிய இடத்திலேயே செய்யட்டும். ஆனால் கண்காணிப்பை அருகில் கொண்டுவரலாம் என்பது இங்கே எழுதப்பட்டதோடு நின்றுவிடக்கூடாது. சத்திரசிகிச்சை செய்துகொண்ட நோயாளிக்கு வீடு திரும்பும்போது ஒரு கடிதம் கொடுக்கப்படவேண்டும்: எந்த மூட்டு வைக்கப்பட்டது, எந்த அறிகுறி கண்டால் உடனே பார்க்கவேண்டும், உள்ளூர் வைத்தியசாலை என்ன பரிசோதனை செய்யவேண்டும், யாருக்குத் தொலைபேசியில் அறிவிக்கவேண்டும் என்று அதில் இருக்கவேண்டும். அந்தக் கடிதத்தோடு போனால் எந்த நாளிலும் திருப்பி அனுப்பக்கூடாது. இதற்குப் புதுக் கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை.

தொலைவில் ஒருவன் எழுதியது:

அக்காவின் பதிலுக்கு நன்றி. எங்கள் ஊர்ச் சங்கத்தில் பேசினேன். தனியார் சத்திரசிகிச்சைக்கென்று பணம் திரட்டுவதற்குப் பதிலாக, தொற்றுக்காகச் சிகிச்சை பெறும் குடும்பங்களுக்குப் போக்குவரத்துக்கும் கூட நிற்பவரின் கூலிக்கும் மாதாந்தம் ஒரு தொகை கொடுக்க முடியுமா என்று ஆராய்கிறோம். வைத்தியசாலையின் நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் ஊடாகக் கொடுப்பதே முறையானது என்று நினைக்கிறேன்.

இரணைமடு வாய்க்கால் எழுதியது:

கமக்கார அண்ணா சொன்ன கடிதத்துக்கு ஒரு மாதிரியை மல்லாவி அக்காவும் வைத்தியரும் சேர்ந்து எழுதித் தர இசைந்திருக்கிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அடங்கும்படி அமையும். அது ஆயத்தமானவுடன் இங்கே பதிவேன். அதோடு, மாவட்ட வைத்தியசாலைகளின் அபிவிருத்திக் குழுக்களுக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் நாம் அனுப்பவிருக்கும் கோரிக்கையில் மூன்றே விடயங்கள் இருக்கும்: இந்தக் கடிதம், உள்ளூரில் தையலும் சீஆர்பியும் பார்ப்பதற்கான ஏற்பாடு, மாத்திரைக்கு மாறக்கூடியவர்களுக்கு அந்த மாத்திரை மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் கையிருப்பில் இருப்பது.

குடும்பத்தில் இப்படியான தொற்றை எதிர்கொண்டவர்கள், பெயர் குறிப்பிடாமல், உங்கள் பிரதேச செயலகப் பிரிவையும், எந்தச் செலவு உங்களை அதிகம் வருத்தியது என்பதையும் தனிமடலில் எழுதுங்கள். வைத்தியசாலைகளின் பெயரோ வைத்தியர்களின் பெயரோ வேண்டாம். சின்னம்மாவுக்கு இரண்டாவது சத்திரசிகிச்சைக்கான திகதி இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் மாத்திரை பற்றிய கேள்வியை நானே கேட்டு, கிடைக்கும் பதிலை இந்த இழையில் எழுதுவேன்.